தபால் நிலையத்துக்குள் ஒரு தியேட்டர்

சென்னையில் படம் காட்டுவதற்கென்றே எழுந்த மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. தியேட்டர் பட்டியல்களில் அதன் பெயர் வராது. அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போய், அஞ்சல்தலை சேகரிப்பவர்களுக்கான பிரிவு எங்கே என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பிரிவு இருக்கிற கட்டடம்தான் எலெக்ட்ரிக் தியேட்டர். வார்விக் மேஜர், ரெஜினால்ட் ஐர் என்ற இருவர் 1913-இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1915-இல், அரசு அதை வாங்கித் தபால் துறையிடம் ஒப்படைத்துவிட்டது. அன்றிலிருந்து அங்கே படமில்லை, தபால்தான்.

இந்த ஊரில் நாடகமும் கச்சேரியும் சினிமாவும் நடந்த பழைய அரங்குகளில் இன்று நேரில் போய்ப் பார்க்கக்கூடியவை எவை என்று ஒரு பட்டியல் போடத்தான் நான் தொடங்கினேன். பட்டியல் நீள நீள ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிப் பேரும் பணமும் சம்பாதித்த தியேட்டர்கள் வரிசையாகத் தரைமட்டமாகியிருந்தன. அண்ணா சாலையில், அதாவது பழைய மவுண்ட் ரோட்டில், வெலிங்டன் இல்லை. நியூ எல்பின்ஸ்டன் இல்லை. 1964-இல் திறந்து, ஒரே கூரையின்கீழ் மூன்று அரங்குகளைச் சென்னைக்கு அறிமுகப்படுத்திய சபையர் இல்லை. சிவாஜி கணேசன் குடும்பத்தின் சாந்தியும் இல்லை. இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காத எலெக்ட்ரிக் தியேட்டரோ நூறாண்டைக் கடந்து நிற்கிறது. இது ஏன் என்பதற்கான விடையைக் காகிதங்களில்தான் தேட வேண்டியிருந்தது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அட்டவணை நூல்களை. துறைவாரியாக, ஆண்டுவாரியாக, ஒவ்வொரு அரசாணைக்கும் ஒரு வரி. அதில் ‘சினிமா’ என்று தேடப் போனால் பழைய காலத்தில் ஒன்றும் அகப்படாது. அக்கால அதிகாரிகளுக்கு அது ஒரு கலையே அல்ல. கூட்டம் கூடுகிற, தீப்பிடிக்கக்கூடிய ஒரு இடம். எனவே கோப்புகளைக் காவல்துறை, உரிமம், கட்டடம் என்ற தலைப்புகளின்கீழ் பார்க்க வேண்டும். 1888-இல் வந்த சென்னை மாநகரக் காவல் சட்டமும், அதே ஆண்டில் வந்த பொதுமக்கள் கூடுமிடங்கள் சட்டமும்தான் திறவுகோல்கள். சினிமாவுக்கென்று தனிச் சட்டம் 1918-இல்தான் இயற்றப்பட்டது. சென்னையில் தணிக்கை வாரியம் அமைந்தது 1920-இல்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கதவு மூடி இன்னொன்று திறக்கிறது. எலெக்ட்ரிக் தியேட்டர் 1915-இல் கைமாறிவிட்டது. சினிமாச் சட்டம் அதற்கு மூன்று வருடம் பிந்தியது. ஆகவே சினிமா உரிமக் கோப்புகளில் அந்தத் தியேட்டர் தலைகாட்டவே வாய்ப்பில்லை. அங்கே தேடி ஓய்ந்துபோனவர் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அரசு ஒரு கட்டடத்தை வாங்கினால் சும்மா வாங்காது. யாரிடமிருந்து வாங்கியது, எதற்காக வாங்கியது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் வாங்கும். ஒரு தியேட்டரின் சரித்திரம் தபால் துறையின் சொத்துக் கணக்குக்குள் ஒளிந்து பிழைத்திருக்கிறது. கட்டடமும் அப்படியே பிழைத்தது. தபால் துறைக்கு வாரிசுச் சண்டை கிடையாது, பாகப்பிரிவினை கிடையாது, வெள்ளிக்கிழமை வசூல் விழுந்தால் விற்றுவிடும் அவசரமும் கிடையாது.

அந்த 1913-ஆம் ஆண்டையும் சற்று நின்று கவனிக்க வேண்டும். அதே ஆண்டில்தான் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. மின்சார டிராம் 1895 முதலே ஓடிக்கொண்டிருந்தது. ‘எலெக்ட்ரிக்’ என்ற பெயரே டிக்கெட் விற்ற காலம் அது. இங்கிலாந்தில் அப்போது எத்தனையோ படக்கொட்டகைகளுக்கு அதே பெயர். மவுண்ட் ரோட்டில் குடியிருந்த, கடைவைத்திருந்த ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து எழுந்த தியேட்டர் என்பதைப் பெயரும் இடமும் சேர்ந்தே சொல்கின்றன. சு. தியடோர் பாஸ்கரன், எஸ். முத்தையா போன்ற வரலாற்றெழுத்தாளர்கள் எழுதி எழுதித்தான் அந்தத் தபால் கட்டடத்தின் பூர்வீகம் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அதற்காகவே அவர்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

சரி, எலெக்ட்ரிக் தியேட்டருக்கு முன்னால்?

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில் நிற்கிற விக்டோரியா பப்ளிக் ஹால்தான் அடுத்த தடயம். சென்னையின் முதல் படக்காட்சி யாரால், எப்போது என்று கேட்டால் நூலுக்கு நூல் சாட்சி மாறும். சிலவற்றில் 1897, எட்வர்ட்ஸ் என்றொருவர் காட்டினார் என்றிருக்கும். வேறு சிலவற்றில் மெட்ராஸ் போட்டோகிராபிக் ஸ்டோர் என்ற கடையை நடத்திய டி. ஸ்டீவன்சன், பத்துச் சிறு படங்களைக் காட்டினார் என்றிருக்கும். ஸ்டீபன் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கதையையே முதலிலிருந்து கிளறி, வழிவழியாகச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பக்கூடாது என்று எழுதினார். ஆள் மாறுகிறார், ஆண்டு மாறுகிறது. ஆனால் இடத்தில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். வழக்கில் சாட்சிகள் எதில் முரண்படுகிறார்கள் என்பதைப் போலவே எதில் ஒன்றுபடுகிறார்கள் என்பதும் முக்கியம். பம்பாயில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் முதலில் ஓடிய வாட்சன்ஸ் ஹோட்டல், காட்சி நடந்த 1896 ஜூலை 7 என்ற தேதியோடு வரலாற்றில் உட்கார்ந்துவிட்டது. நமக்குத் தேதியில் சண்டை இருக்கலாம், அரங்கில் இல்லை. அந்த அரங்கு இன்றும் நம் கண்முன் இருக்கிறது.

அதற்கு 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் ஜமீனின் ஆனந்த கஜபதி ராஜு. வரைபடம் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று நகரப் பிரமுகர்கள் பணம் போட்டார்கள். மாநகராட்சி பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் 99 வருடக் குத்தகை கொடுத்தது. கீழும் மேலுமாக இரண்டு கூடங்கள், கிழக்குப் பக்கம் மரத்தாலான கேலரி. குத்தகைக் காகிதம் இருந்ததால்தான் பிற்பாடு மாநகராட்சியால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும், அண்மை ஆண்டுகளில் சீரமைப்பில் இறங்கவும் முடிந்தது. இங்கேயும் அதே கதைதான். கேளிக்கையில் பிழைப்பு நடத்தாத ஒரு நில உரிமையாளர் கட்டடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

அந்த ஹாலின் உள்வாழ்க்கையை அரசாணைகளில் காண முடியாது. அதற்கு நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரிடம் போக வேண்டும். அவர் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ தமிழில் அரங்குகளைப் பற்றிக் கிடைக்கிற சாட்சியங்களில் தலையாயது என்பது என் தீர்மானமான எண்ணம். 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியின் சரச விநோதினி சபா வந்து இங்கே தெலுங்கு நாடகம் போட்டது. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் வேடம் கட்டி மேடையேறியதை இளைஞர் சம்பந்தம் பார்த்தார். கூத்தாடிகளுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட தொழிலைக் கௌரவமான மனிதர்கள் செய்கிறார்கள் என்பது அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். பிறகு பல காலம் அந்தச் சபாவின் வீடே விக்டோரியா ஹால்தான். 1930-களில் மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குப் போகும்வரை அங்கேதான் ஒத்திகை, அங்கேதான் நாடகம்.

இதில் நான் மிகவும் நேசிக்கிற ஒரு காலத் தற்செயல் உண்டு. 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தம் செயல்திட்டத்தை விளக்கிப் பேசியது இதே விக்டோரியா ஹாலில். படக்காட்சியும் இந்த ஹாலுக்கு வந்து சேர்ந்தது அதே பருவத்தில். சென்னையில் அன்று நாடகத்துக்கு ஒரு இடம், பிரசங்கத்துக்கு ஒரு இடம், படத்துக்கு ஒரு இடம் என்று பிரிக்கவில்லை. ஒரே கூடத்தில் மூன்றும் நடந்தன, ஒரே மாதிரி நாற்காலிகளில் ஜனம் உட்கார்ந்தது. திரைப்படத்தைத் தனியே எடுத்து ஆராய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். படம் இந்த ஊருக்குள் நாடக மேடை வழியாக நுழைந்தது.

1910-இல் இதே ஹாலுக்கு இன்னொருவர் வந்தார்: ரகுபதி வெங்கையா நாயுடு. மசூலிப்பட்டினத்திலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். குரோனோமெகாபோன் என்ற கருவியை வரவழைத்தார். படம் திரையில் ஓடும்போது இசைத்தட்டு பேசவும் பாடவும் செய்யும் ஏற்பாடு அது. ஊமைப்படக் காலத்திலேயே சத்தம். விக்டோரியா ஹாலில் காட்டிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய் டேரா போட்டுக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து 1914-இல் மவுண்ட் ரோட்டுக்கு அருகே கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர் அது. பிறகு மின்ட் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். குளோப்தான் பின்னால் ராக்ஸி ஆனது. மூன்று தியேட்டர்கள் நகரத்தின் மூன்று திசைகளில். வெள்ளைக்காரர் நடமாடிய மவுண்ட் ரோடு மட்டும் போதாது, வணிகர் நிறைந்த ஜார்ஜ் டவுனுக்கும் குடும்பங்கள் நிறைந்த புரசைவாக்கத்துக்கும் படம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர்.

மூன்றும் இன்று இல்லை. கெயிட்டி நம் காலத்தில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடிக்கப்பட்டது. அந்த இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆந்திர அரசு அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தி, தெலுங்குத் திரையுலகின் மூத்தவர்களுக்குக் கொடுத்தது. அவர் உழைத்த ஊர் சென்னை. இங்கே அவர் கட்டியதில் ஒரு செங்கல்லைச் சுட்டி ‘இது வெங்கையா வைத்தது’ என்று பிள்ளைகளுக்குக் காட்ட வழியில்லை. எலெக்ட்ரிக் தியேட்டர் தோற்று, அரசின் கைக்குப் போய்ப் பிழைத்தது. கெயிட்டி ஜெயித்து, தனியார் சொத்தாகவே இருந்து, மண்ணின் விலை ஏறிய ஒரு நாளில் அழிந்தது.

இந்த விதி எலெக்ட்ரிக் தியேட்டருக்கு மட்டும் பொருந்துவதா என்று சோதிக்க இன்னும் பின்னால் போனேன். எழும்பூர் அருங்காட்சியக வளாகம் அதற்குச் சரியான இடம். வளாகத்துக்குள் இருக்கிற மியூசியம் தியேட்டர் ஹென்றி இர்வினின் வரைபடத்தில், 1896-இல் முடிந்தது. அரைவட்டமாக, மேடையை நோக்கிப் படிப்படியாய் இறங்குகிற இருக்கைகள். மேடையில் நின்று சாதாரணக் குரலில் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கிற அமைப்பு. ஆங்கில நாடகத்துக்காக எழுந்த அரங்கு. பிற்காலத்தில் மெட்ராஸ் பிளேயர்ஸ் முதலிய குழுக்களுக்கும் தமிழ் நவீன நாடகங்களுக்கும் அதுவே மேடையானது. சென்னையில் ஒரே ஒரு பழைய அரங்குக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அனுப்புவது இங்கேதான். நாடகம் நடக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

ஆனால் அந்த நிலத்தில் கேளிக்கை தொடங்கியது அதற்கும் நூறாண்டு முன்பே. 1778-இல் ஹால் பிளமர் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்கு அங்கே 43 ஏக்கர் மானியம் கிடைத்தது. 1793-இல் அவர் அதை நகரத்தின் பொதுக் கேளிக்கைகளை நடத்திவந்த 24 பேர் கொண்ட குழுவிடம் கொடுத்தார். நடன விருந்துகளும் நாடகங்களும் நடந்த அந்த மண்டபத்தின் பெயர் பாந்தியன். வெளியே போகும் சாலைக்கு இன்றும் அதே பெயர். 1821-இல் குழு அதை மூரத் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்றது. 1830-இல் அரசு அவரிடமிருந்து வாங்கியது. 1850-களில் அருங்காட்சியகம் உள்ளே வந்தது. நிலம் கைமாறிய ஒவ்வொரு கட்டமும் தெளிவாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே ஆடிய நாடகங்களின் நோட்டீஸ்கள் காற்றோடு போயிருக்கும். கிரயக் காகிதங்கள் போகவில்லை. நாடகத்தைத் தேடிப் போகிறவன் பத்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விதிக்கு அடங்காத இடமும் உண்டு. ஆர்மேனியன் தெருவில் அன்னி பெசன்ட் தொடங்கிய இளைஞர் சங்கத்தின் கோகலே ஹால் அப்படி ஒன்று. ஹோம் ரூல் முழக்கங்களும், பெரும் வித்வான்களின் கச்சேரிகளும் ஒலித்த கூடம். அதை இடிக்கும் வேலை தொடங்கி, வழக்கால் நடுவில் நின்றது. பொதுச் சொத்தாக இருந்தால் மட்டும் போதாது, யாராவது கூச்சல் போடவும் வேண்டும் என்று அந்தச் சுவர்கள் சொல்கின்றன.

வடசென்னையில்தான் தேடல் மிகக் கடினம். வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் முகாமிட்டு ஆடிய இடம். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று திரையிடப்பட்ட கினிமா சென்ட்ரலும் இந்தப் பக்கம்தான், ஜார்ஜ் டவுனில். பம்பாயிலிருந்து படப்பெட்டி வந்தபோது சென்ட்ரலிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாக ஜனங்கள் தேங்காய் உடைத்து, பூப்போட்டு ஊர்வலமாய்க் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். விக்டோரியா ஹால் வாசலில் நின்று பார்த்தால் இந்த ஊர்வலம் புறப்பட்ட திசை தெரியும். நாடகக் கொட்டகை, டவுன் ஹால், பேசும்படத் தியேட்டர் எல்லாம் நடந்தே போகிற தூரத்தில் இருந்திருக்கின்றன. சென்னையின் கேளிக்கை மவுண்ட் ரோட்டில் பிறந்தது என்று சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். மவுண்ட் ரோட்டில் பளபளப்பு வந்தது. ஜனம் சென்ட்ரலைச் சுற்றித்தான் இருந்தது.

சபாக்களின் கதை வேறு. அவை வெகு காலம் கட்டடத்தை நம்பவில்லை. மியூசிக் அகாடமி 1928 ஆகஸ்டில் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. மண்டபத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குச் சொந்த அரங்கு வந்தது 1962-இல். இடையில் எத்தனை மார்கழிகள் பந்தலிலும் இரவல் மண்டபத்திலும் கழிந்தன! பந்தலுக்குப் பத்திரம் கிடையாது. அவற்றைத் தேட அழைப்பிதழும் நிகழ்ச்சி மலரும்தான் கதி. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் பாதுகாக்கப்படுகின்றன. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்தவை, 1994-இல் நூலகமாயின. ஒரு நோட்டீஸின் அடியில் சிறிய எழுத்தில் கொட்டகையின் பெயரும் டிக்கெட் விலையும் இருக்கும். எனக்கு நாடகத்தின் பெயரைவிட அந்த அடிவரி பெரிய புதையல்.

1918-க்குப் பிந்தைய தியேட்டர்களுக்கு நல்ல சாட்சிகள் இரண்டு உண்டு. முதலாவது, சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் நாடு முழுக்கச் சுற்றி 353 பேரை விசாரித்த இந்திய சினிமாட்டோகிராப் கமிட்டியின் சாட்சியத் தொகுதிகள். யார் படம் பார்க்கிறார்கள், டிக்கெட் என்ன விலை, தியேட்டர் எப்படி இருக்கிறது என்று தொழில்காரர்கள் தங்கள் வாயாலேயே சொன்னவை. பெரிய நூலகங்களில் கிடைக்கும். படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க முடியாது.

இரண்டாவதுதான் யாரும் கண்டுகொள்ளாதது: சி ஃபார்ம். 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு தியேட்டரும் வாங்கியாக வேண்டிய உரிமம். வடசென்னையில் மூடிக்கிடக்கும் ஒரு தியேட்டரின் பழைய ஆபரேட்டரைப் பார்க்கப் போயிருந்தேன். கார்பன் ராடு எரித்துப் படம் ஓட்டிய காலத்தவர்.

“சி ஃபார்ம் ஃபைல் இருக்குங்களா ஐயா?” என்று கேட்டதும் சிரித்தார்.

“வர்றவங்க எல்லாம் மாடி ஏறி மெஷினத்தான் போட்டோ எடுப்பாங்க. ஃபைல் கேக்கிற மொத ஆளு நீங்கதாம்மா.”

“அதுல பிளான் வச்சிருப்பாங்களே?”

“பிளான் இல்லாம லைசென்ஸ் எவன் குடுப்பான்? எத்தன கதவு, எத்தன சீட்டு, ஆபரேட்டர் ரூமுக்குத் தனிப் படி இருக்கா இல்லியா, எல்லாம் கோடு போட்டுக் காட்டணும். பி.டபிள்யூ.டி. ஒருத்தன், கரண்ட் இன்ஸ்பெக்டர் ஒருத்தன், ஃபயர் சர்வீஸ் ஒருத்தன், எல்லாவனும் வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்.”

பீரோவிலிருந்து அவர் எடுத்துத் தந்த கட்டில் நீலக் கோட்டு வரைபடம் மடிப்பு மடிப்பாய் இருந்தது. தரை டிக்கெட், பெஞ்சு, பால்கனி என்று வகுப்பு வாரியாக இருக்கைகள். பெண்களுக்குத் தனி வழி. தீ வாளிகள் தொங்கவேண்டிய இடங்களில் சிறு வட்டங்கள். இடிக்கப்பட்ட ஒரு தியேட்டரின் இத்தகைய காகிதம் கையில் இருந்தால் அதை வரிக்கு வரி மறுபடி எழுப்பிப் பார்க்கலாம். வெங்கையாவின் கெயிட்டிக்கு நம்மால் இதைச் செய்ய முடியவில்லை.

இந்தக் கோப்பின் ஒரு படி உரிமையாளரிடமும் இன்னொன்று உரிமம் கொடுக்கும் அதிகாரியிடமும் இருக்கும். தியேட்டர் மூடினால் உரிமம் காலாவதி. காலாவதியான கோப்புக்கு அலுவலகத்தில் ஆயுள் குறைவு, வீட்டில் அதைவிடக் குறைவு. அண்ணா சாலையில் 1970-இல் திறந்த தேவி இன்னும் ஓடுகிறது. பழைய ஒற்றைத் திரைகள் சிலவும் தாக்குப்பிடிக்கின்றன. அங்கே படம் பார்க்கப் போகிறவர்கள் இடைவேளையில் மேனேஜர் அறைக் கதவைத் தட்டி, பிளானை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். நகல் எடுக்க அனுமதித்தால் எடுத்து, ஒன்றை எழும்பூர் காப்பகத்துக்கும் ஒன்றைத் தரமணிக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.